இணையம் போனால் வெந்நீரும் போய்விடுகிறது: ஸ்மார்ட் பொருள்களை வீட்டுக்குள் விடலாமா?

கோத்தகிரி ஆசிரியை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளியில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கோத்தகிரிக்குக் கீழே தேயிலைச் சரிவில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில் 86 வயதான என் தாயாருடன் வசிக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், நாங்கள் இருவரும் தனியாக இருக்கிறோமே என்ற கவலையில், போன ஆண்டு கீசருக்கு ஒரு வைஃபை பிளக்கும் வீட்டுக்குள் நான்கு ஸ்மார்ட் பல்புகளும் பொருத்திக் கொடுத்தான். இந்தப் பொங்கலுக்கு வரும்போது கதவுக்கு ஸ்மார்ட் பூட்டும், வாசலுக்குக் கேமராவும், கூடத்துக்குப் பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கரும் வாங்கி வரப்போவதாகச் சொல்கிறான். அவன் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓராண்டு அனுபவத்துக்குப் பிறகு இவற்றை வீட்டுக்குள் விட எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

சென்ற ஜூன் மாதக் கடைசியில் காற்றும் மழையும் வலுத்த ஓர் இரவு, எங்கள் சாலைத் திருப்பத்தில் நின்ற சீகை மரம் சாய்ந்து, மின்கம்பியையும் அதே கம்பத்தில் கட்டியிருந்த இணையக் கேபிளையும் சேர்த்து அறுத்துவிட்டது. மறுநாள் மாலைக்குள் மின்சாரம் வந்துவிட்டது. இணையம் வர மேலும் ஐந்து நாள்கள் ஆயின. அந்த ஐந்து நாள்களும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அம்மாவுக்குத் தயாராக இருக்க வேண்டிய வெந்நீர் தயாராகவில்லை. மின்சாரம் இருந்தது, தண்ணீர் இருந்தது, கீசரும் பழுதில்லாமல் இருந்தது. அதை இயங்கச் சொல்ல வேண்டிய கணினி மட்டும் வேறு ஏதோ ஊரில் இருந்தது. பிளக்கில் கையால் அழுத்தும் பொத்தான் உண்டு என்றாலும், அது கீசருக்குப் பக்கத்தில், ஏணி போட்டால்தான் எட்டும் உயரத்தில் இருக்கிறது.

அதே மழைக்காலத்தில் வேறோர் இரவு, பத்து மணிக்குப் போன மின்சாரம் இரண்டரை மணிக்குத் திரும்பியபோது, நான் படுக்கும் முன் அணைத்து வைத்திருந்த நான்கு பல்புகளும் முழு வெளிச்சத்தில் ஒன்றாக எரிந்தன. விடிந்துவிட்டது என்று எண்ணி எழுந்த அம்மா, வழக்கம்போல விளக்கேற்றுவதற்காகக் குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு பூஜை அறைக்குப் போய்விட்டார். நான் எழுந்து பார்த்தபோது, எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி, பால்காரர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். அவர் வழுக்கி விழாமல் இருந்தது கடவுள் செயல்.

விற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்தபோது, செயலியின் புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஆறு வருடம் பழைய என் கைபேசியில் அது இறங்காது என்று தெரிந்ததும், கைபேசியை மாற்றிவிட்டு மறுபடி அழையுங்கள் என்றார்கள். ஒரு பல்பு அணைத்தபடி அணைந்திருப்பதற்கு நான் புதுக் கைபேசி வாங்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மகனோடு தினமும் வீடியோவில் பேசுகிறேன், காய்கறிக் கடையில் க்யூஆர் அட்டையைக் காட்டினால் பணம் செலுத்துகிறேன். இவற்றால் எனக்கு நன்மைதான். ஆகவே பழகத் தெரியாததால் வரும் பயம் இது என்று யாரும் எண்ண வேண்டாம்.

மழையில் இணையம் போன நேரத்தில் அந்தப் பூட்டு திறக்குமா, கேமரா எடுக்கும் படம் எங்கே போகிறது, இரண்டு மூன்று வருடத்தில் நிறுவனம் செயலியை நிறுத்திவிட்டால் நான் எங்கே போய் முறையிடுவது என்பவை என் கேள்விகள். மலையில் வசித்து இவற்றைப் பயன்படுத்திப் பார்த்தவர்களின் பதிலை எதிர்பார்க்கிறேன்.

குன்னூர் வயர்மேன்:

வணக்கம் டீச்சரம்மா. குன்னூரிலும் அருவங்காட்டிலும் இருபது வருடத்துக்கு மேலாக வயரிங் வேலை செய்துவருகிறேன். உங்கள் வீட்டில் நடந்தது போன்று மழைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு வீடுகளிலாவது பார்க்கிறேன்.

முதலில் பல்பு. மின்சாரம் திரும்பியதும் எரிய வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா, முன்பிருந்த நிலைக்குப் போக வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு பல செயலிகளில் உண்டு. மின்சாரம் அடிக்கடி போகாத ஊர்களை மனதில் வைத்துச் செய்தவர்கள் அதை 'எரிய வேண்டும்' என்றே வைத்து அனுப்பிவிடுகிறார்கள். மகனிடம் சொன்னால் அவர் பெங்களூரில் இருந்தபடியே மாற்றிவிடலாம். அப்படி ஓர் அமைப்பே இல்லாத பல்பு என்றால் கழற்றிவிட்டுச் சாதாரண எல்இடி மாட்டிவிடுங்கள்.

கீசருக்கு வைஃபை தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஜனவரியில் நம் குழாயில் தண்ணீர் 10 டிகிரிக்குப் பக்கத்தில் வருகிறது. 25 லிட்டர் கீசர், 2,000 வாட் என்றால், அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோக முக்கால் மணி நேரம் ஆகும். அந்த வெப்பம் வந்ததும் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் தானாக நிறுத்திவிடும். அதற்கு வெளியூரில் இருக்கும் எந்தக் கணினியும் (சர்வரும்) வேண்டாம். உங்களுக்கு வேண்டியது நாலே முக்காலுக்குச் சுவிட்சைப் போடும் ஒரு கை மட்டும்தான். 16 ஆம்பியர் தாங்கும் டைமர் அந்த வேலையைச் செய்துவிடும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வட்டமாகச் சுழலும் டயல் உள்ள டைமர், மின்சாரம் போன நேரமெல்லாம் நின்றுவிட்டுப் பிறகு அவ்வளவு நேரம் தாமதமாக ஓடும். நம் ஊருக்கு உள்ளே சிறு பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர்தான் சரி. அதைக் கையெட்டும் உயரத்தில் பொருத்தச் சொல்லுங்கள்.

இந்தப் பொருள்களைச் செய்பவர்கள் நம் ஊரைப் பார்த்ததில்லை என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். ஊட்டியில் ஒரு வீட்டில், செயலியோடு வந்த கெட்டில் அணையவே மாட்டேன் என்கிறது என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் தண்ணீர் தளதளவென்று கொதித்துப் பாதி வற்றியிருந்தது. செயலியில் 100 டிகிரி என்று வைத்திருந்தார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் சூடு ஏறாது. வராத 100-க்காகக் கெட்டில் காத்துக்கொண்டிருந்தது. சாதாரணக் கெட்டிலில் நீராவி பட்டதும் வளைந்துகொள்ளும் ஒரு சிறு தகடு இருக்கிறது. 92, 93 டிகிரியில் வரும் நீராவிக்கும் அது வளைந்து சுவிட்சை அணைத்துவிடும், குன்னூரானாலும் சென்னையானாலும். செயலியில் 90 என்று மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பூட்டைப் பற்றி: பெரும்பாலான ஸ்மார்ட் பூட்டுகள் இணையம் இல்லாமலும் எண்ணை அழுத்தியோ கைரேகை வைத்தோ திறக்கும். பேட்டரியில்தான் ஓடுகின்றன என்பதால் மின்தடையும் அவற்றைப் பாதிக்காது. ஆனால் உறைபனிக் காலத்தில் சாதாரண பேட்டரிகள் சீக்கிரம் சோர்ந்துவிடும். கைரேகையை நம்பவே நம்பாதீர்கள். ரேஷன் கடையில் வயதானவர்களும் கொழுந்து பறிக்கும் பெண்களும் ரேகை விழாமல் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். மழையில் நனைந்து வந்து நிற்கும் அம்மாவின் விரலை அந்தப் பூட்டு ஏற்காவிட்டால் என்ன செய்வீர்கள்? வாங்கியே ஆக வேண்டும் என்றால், சாவித்துவாரமும் சேர்ந்து இருக்கும் பூட்டை மட்டும் வாங்குங்கள், அந்தச் சாவியை வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

ஊட்டிக்குத் திரும்பியவன்:

வணக்கம் அம்மா. 14 ஆண்டுகள் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்துவிட்டு இப்போது ஊட்டியில் இருக்கிறேன். வயர்மேன் அண்ணன் சொன்னதற்கு மேல், இவை ஏன் இப்படிச் செய்யப்படுகின்றன என்பதை மட்டும் விளக்குகிறேன்.

உங்கள் கைபேசியும் பல்பும் ஒரே அறையில் இருந்தாலும், 'அணை' என்ற கட்டளை பல சமயம் வெளியூரிலோ வெளிநாட்டிலோ உள்ள சர்வருக்குப் போய்த் திரும்பித்தான் பல்பை அடைகிறது. அந்தச் சர்வரை நடத்த நிறுவனத்துக்கு மாதந்தோறும் செலவு உண்டு. நீங்களோ பல்புக்கு ஒரே ஒரு முறைதான் பணம் கொடுத்தீர்கள். ஆகவே சில ஆண்டுகளில் நிறுவனம் மாதச் சந்தா கேட்கும், அல்லது உங்களைப் பற்றிய தகவலில் வருமானம் தேடும், அல்லது சேவையை நிறுத்திவிடும். மூன்றும் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்ற ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி, அந்த நிறுவனத்தை வாங்கிய நெஸ்ட் 2016 மே மாதத்தில் சர்வரை அணைத்ததும் பயனற்ற பெட்டியாகிவிட்டது. 2022 ஏப்ரலில், ஸ்மார்ட் வீட்டுக் கருவிகள் விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. பிறகு அதன் வாடிக்கையாளர்களே சிலர் சேர்ந்து நிறுவனத்தை வாங்கி உயிர்கொடுத்தார்கள். 2025 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசானின் கணினி மையத்தில் ஏற்பட்ட கோளாறால், பல நாடுகளில் அலெக்சா ஸ்பீக்கர்களும் ரிங் வாசல் கேமராக்களும் முடங்கின. உங்கள் வீட்டில் ஒரு சீகை மரம் செய்ததை அங்கே ஒரு கணினி மையம் செய்தது.

தகவல் விஷயமும் உங்கள் கற்பனை அல்ல. பார்ப்பவர்களின் ஒப்புதல் இல்லாமல் 1 கோடியே 10 லட்சம் தொலைக்காட்சிகளில் என்ன ஓடுகிறது என்பதைச் சேகரித்ததற்காக, அந்தத் தொலைக்காட்சிகளைச் செய்த விசியோ நிறுவனம் 2017-இல் 22 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. ரிங் கேமராக்களில் பதிவான வாடிக்கையாளர்களின் வீட்டுக் காட்சிகளை ஊழியர்கள் பார்க்க முடிந்தது என்ற குற்றச்சாட்டில், 2023-இல் ரிங் நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. ஆகவே கேமராவை வாசலையும் பாதையையும் பார்க்கும்படி மட்டும் வையுங்கள். படுக்கையறையிலோ அம்மா இருக்கும் கூடத்திலோ வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கரும் அதே காரணத்தால் எனக்கு உடன்பாடில்லை.

கேமரா வாங்கினால், படத்தை உள்ளே இருக்கும் மெமரி கார்டிலேயே பதிவுசெய்யும் வகையாக இருக்கட்டும். கேபிள் அறுந்தாலும் பதிவு நிற்காது. பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் (கருவிகளுக்குள் திருட்டுத்தனமாகப் புகும் மென்பொருள்), அப்படி மாற்றப்படாத பாஸ்வேர்டுகள் சில டஜனை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றி, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே அரை நாளுக்கு முடக்கியது. நம் நாட்டிலும் விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கும் விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று மகன் வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. 2022-இல் வந்த மேட்டர் என்ற பொதுத் தரத்தில் செய்த பொருள்கள், வீட்டுக்குள் இருக்கும் வைஃபையிலேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். வெளியே உள்ள கேபிள் அறுந்தாலும் அடிப்படை வேலை நடக்கும். அட்டைப்பெட்டியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் ரூட்டரை அணைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, இதை மலையில் இருப்பவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. பழைய தரைவழித் தொலைபேசிக்கு 48 வோல்ட் மின்சாரம் செப்புக் கம்பி வழியாக எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்துகொண்டிருந்தது. வீடு இருட்டில் இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் டோன் கேட்கும். இப்போது ஃபைபர் இணைப்பில் பேசும் தொலைபேசிக்கு நம் வீட்டு மோடத்தில் மின்சாரம் இருந்தாக வேண்டும். 2019 ஆகஸ்டில் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட நாளில் வீட்டில் உள்ள எல்லாமே ஒரே கேபிளையும் ஒரே மோடத்தையும் நம்பி இருக்கக் கூடாது. மோடத்துக்கென்று தனியாக ஒரு சிறு யுபிஎஸ் வாங்குங்கள். பூட்டை விட அதுதான் உங்கள் இருவருக்கும் பாதுகாப்பு.

பெருமாள்மலை விடுதிக்காரர்:

நான் கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் நான்கு அறைகள் கொண்ட தங்கும் விடுதி நடத்துகிறேன். மேலே பேசியவர்களோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு.

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, அறைக்கு வெளியே காலடி வைக்கும் முன் கைபேசியில் கேமராவைப் பார்த்தேன். வாகனம் நிறுத்தும் இடத்தில், விருந்தினர் ஒருவரின் காருக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு காட்டெருமை தனியாக நின்றுகொண்டிருந்தது. தனி ஆணாகத் திரியும் காட்டெருமை எவ்வளவு ஆபத்து என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அறையில் இருந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து, கதவைத் திறக்க வேண்டாம் என்றேன். அரை மணி கழித்து அது தானாக இறங்கிப் போனது. கோத்தகிரிப் பக்கம் கரடி வருகிறதே அம்மா, நீங்கள் இருவரும் தனியாக இருக்கும் வீட்டுக்கு வாசல் கேமரா ஒன்று அவசியம் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். மூடுபனி இறங்கிய இரவுகளில், லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்கின் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, திரை முழுக்க வெள்ளையாகிவிடும், எதுவும் தெரியாது. நான் அந்த விளக்கை அணைத்துவிட்டு, கேமராவிலிருந்து பத்தடி தள்ளி ஒரு சாதாரண வாசல் விளக்கைப் போட்ட பிறகுதான் ஓரளவு தெரிகிறது. பனி இருக்கும் இரவில் கேமராவைப் பார்த்து 'வெளியே ஒன்றும் இல்லை' என்று முடிவு செய்து கதவைத் திறந்துவிடாதீர்கள்.

பேசும் ஸ்பீக்கரை நானும் அறைகளில் வைத்துப் பார்த்தேன். முதல் மாதத்திலேயே ஒரு குடும்பம் காலி செய்து போன பின், அறையைச் சுத்தம் செய்யும் அக்கா வந்து ஸ்பீக்கரைக் காணோம் என்றார். தேடினால், பிளக்கைப் பிடுங்கி, துண்டில் சுற்றி, அலமாரியின் கடைசித் தட்டில் கம்பளிக்குக் கீழே வைத்திருந்தார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லாமல் போனவர்கள், அதன் முன்னால் பேசப் பிடிக்காமல்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அன்றே நான்கையும் எடுத்துவிட்டேன்.

குன்னூர் நுகர்வோர்:

முறையீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. அதில் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு அது உதகமண்டலத்தில் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். மகன் இணையத்தில் வாங்கியிருந்தால் பில்லையும், அன்று அந்தப் பக்கத்தில் என்னென்ன வாக்குறுதி கொடுத்திருந்தார்கள் என்பதையும் படமெடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள். செயலியை நிறுத்திய பிறகு அந்தப் பக்கமும் காணாமல் போய்விடும்.

தகவல் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டம் வந்து, 2025 நவம்பரில் அதன் விதிகளும் வெளியாகிவிட்டன. ஆனால் நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை, செயலி கேட்கும் அனுமதிகளில் தேவையில்லாதவற்றை மறுப்பது நம் கையில்தான் இருக்கிறது. பல்பு எரிய உங்கள் தொடர்பு எண்களின் பட்டியல் எதற்கு?

கோத்தகிரி ஆசிரியை:

பதிலளித்த அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஊட்டித் தம்பி சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை காலை முதல் இரவு வரை ரூட்டரை அணைத்து வைத்துப் பார்த்தேன். பல்புகள் சுவர் சுவிட்சுக்கு மட்டும் கட்டுப்பட்டன. கீசரின் பிளக் தனக்குக் கொடுத்திருந்த நேரத்தை மறந்தே போயிற்று. அந்த அனுபவத்தை அப்படியே மகனிடம் சொன்னேன். அவன் நீண்ட நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பூட்டையும் ஸ்பீக்கரையும் வாங்கவில்லை என்றான். பல்புகள் மின்தடைக்குப் பிறகு முன்பிருந்த நிலைக்கே திரும்பும்படி அங்கிருந்தே மாற்றியும் விட்டான். மெமரி கார்டு உள்ள கேமரா ஒன்றும் மோடத்துக்கு யுபிஎஸ்ஸும் பொங்கலுக்கு வருகின்றன. கேமரா எங்கள் கேட்டையும், மேல் சாலையிலிருந்து இறங்கும் படிகளையும் மட்டும் பார்க்கும். கொடைக்கானல் விடுதிக்காரர் சொன்ன வாசல் விளக்குக்கு இடமும் பார்த்துவிட்டோம்.

வீட்டுச் சாவி ஒன்றை, கீழ் வீட்டில் பால் கறக்கும் குடும்பத்தாரிடம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் நாற்பது வருடமாக எங்களுக்குத் தெரிந்தவர்கள். குன்னூர்த் தம்பி சொன்ன பேட்டரி டைமரை நேற்று மாற்றிப் பொருத்தினார்கள். இன்று காலை ஐந்தரை மணிக்கு அம்மா குளியலறைக்குப் போனபோது வெந்நீர் தயாராக இருந்தது. ரூட்டர் அப்போது அணைந்துதான் இருந்தது.